மச்சினன் வாங்கிய டபுள் கேபின்

1

இந்த வைகாசியோடு என் இளைய மகள் வசந்திக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் முடிகிறது. அதை முன்னிட்டு மருமகன் ஒரு வண்டி வாங்கப் போகிறார். முன்னால் குடும்பம் உட்கார இரண்டு வரிசை இருக்கை, நான்கு கதவு. பின்னால் சாமான் போடத் திறந்த தட்டு. இந்த ஆஸ்திரேலியாவில் அதை யூட் என்கிறார்கள். எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் டபுள் கேபின் என்போம். கல்யாண நாளுக்குப் பெண்டாட்டிக்கு வளையல் வாங்காமல் பாதி லாரி வாங்குகிற மனிதரைப் பற்றி என் மனைவி பார்வதிக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. மருமகன் என்பதால் அதைச் சமையலறைக்கு வெளியே கொண்டு வருவதில்லை.

நான் வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இரண்டு வருடமாக மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே கரும்புக் காடு, கடல், சர்க்கரை ஆலை. மருமகன் அந்த ஆலையில் எஞ்சினியர். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பது, எந்தக் கிழமை எந்த நிற மூடி போட்ட குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது என்று நினைவு வைத்திருப்பது ஆகியவை என் இலாகாக்கள். எதற்கும் கோப்பு கிடையாது. ஆகையால் வண்டி வாங்கும் செய்தி கேட்டதும் எனக்குப் பதவி திரும்பக் கிடைத்தது போல இருந்தது. அன்று மத்தியானமே ஒரு முழுத்தாளை எடுத்து, இடப்பக்கம் ஓரம் மடித்து, விற்பவனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத உட்கார்ந்தேன்.

பார்வதி எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு என் தம்பிக்கும் இப்பிடித்தான் எழுதுனீக. ரெண்டு வருசம் அவன் வண்டியே வாங்கல. இப்ப இவுகளுக்கா?"

2

அவள் தம்பி வேலுச்சாமிக்கு ராஜபாளையத்தில் விசைத்தறிகள். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்வான். நாங்கள் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். இடையில் பதினோரு கிலோமீட்டர். சைக்கிளில் வந்து காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடக்கூடிய தூரம். அந்தப் பதினோரு கிலோமீட்டரில்தான் அவன் மானம் ஒருமுறை போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். ஆளும் சீரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும் என்பது அதில் முக்கியம். ஆள் முன்னாலும் சீர் பின்னாலும் வந்தால் அதற்கு மரியாதை கிடையாது. என் மூத்த மகள் கல்யாணத்தின்போது வேலுவிடம் வண்டி இல்லை. துணி ஏற்றும் வாடகை லாரியில் சீர்த் தட்டுகளை ஏற்றிவிட்டு, தன் ஆட்களோடு பஸ்ஸில் வந்துவிட்டான். லாரி வழியில் பஞ்சர். இரண்டு மணி நேரம் தாய்மாமன் வெறுங்கையோடு மண்டபத்து வாசலில் நின்றான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாமன் வந்துட்டாரு, சீரு பார்சல்ல வருதோ?" என்றார். வேலுவும் கூடச் சேர்ந்து சிரித்தான். அன்று அவன் பந்தியில் உட்காரவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தன் அக்காவிடம் சொன்னான்: "வசந்தி கல்யாணத்துக்கு நான் சொந்த வண்டியில வாரேன்க்கா. முன்னால என் ஆளுக, பின்னால சீரு. ஒண்ணா வந்து இறங்குதேன். பாரு."

சொன்னவன் நேராக என்னிடம் வந்தான். அதுதான் அவன் செய்த தவறு. வாகனம் சம்பந்தமாக யாராவது என்னிடம் யோசனை கேட்டால் என்னால் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜீப் கம்பெனி வண்டியைச் சொன்னான். உரமான வண்டிதான், ஆனால் கதவுக்குப் பதில் தார்ப்பாய், மழைக்கு ஆகாது என்றேன். மூக்கில்லாத வேனைச் சொன்னான். துணியும் ஆளும் ஒரே அறையில், சரக்கு வண்டியா பயணிகள் வண்டியா என்று பதிவில் வழக்கு வரும் என்றேன். ஜப்பான்காரர் கூட்டில் புதிதாக வந்த சின்ன லாரியில் டபுள் கேபின் கட்டித் தருகிறார்களாம் என்றான். உதிரிப் பாகம் மதுரைக்குப் போனால்தான் கிடைக்கும், நடுவழியில் நின்றால் என்ன செய்வாய் என்றேன். பழைய வண்டி பார்த்தான். முந்தைய உரிமையாளரின் வரி பாக்கி, தகுதிச் சான்று, கடன் நீக்கக் கடிதம் என்று ஒன்பது தாள் பட்டியல் கொடுத்தேன். பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான். பிறகு ஆறு மாதம் வண்டிப் பேச்சே இருக்காது.

வசந்திக்கு மாப்பிள்ளை அமைந்து, வைகாசியில் முகூர்த்தம் குறித்த அன்று பார்வதி எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஊருல உள்ளவுகளுக்கெல்லாம் வண்டி எழுதிக் குடுத்தீக. என் தம்பிக்கு மட்டும் ஒரு வண்டி ஓடாது, இல்ல? இந்தத் தடவையும் அவன் பஸ்ல வந்து நின்னான்னா, உங்க ரூல்ஸு புக்கை எடுத்து அடுப்புல வச்சிருவேன்."

3

இங்கே பழைய வண்டி விற்கும் மைதானம் ஊரின் எல்லையில் இருக்கிறது. சனிக்கிழமை குடும்பமாகப் போனோம். மருமகன் மூன்று மோட்டார் பத்திரிகைகளைப் படித்து, எந்த எஞ்சின் எத்தனை வருடம் உழைக்கும் என்று தயாராக வந்திருந்தார். நான் பதினான்கு கேள்விகளோடு வந்திருந்தேன்.

விற்பனையாளன் அரைக்கால் சட்டை போட்ட, வெயிலில் சிவந்த ஆள். என்னைப் பார்த்த முதல் நொடியிலேயே 'மேட்' என்றான். முப்பத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் தோளில் தட்டி நண்பனே என்று கூப்பிட்டதில்லை. நான் அலுவலக ஆங்கிலத்தில், கீழ்க்கண்ட விவரங்களைத் தந்துதவும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். அவன் மருமகனைத் தனியே அழைத்து, பெரியவர் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறாரா என்று விசாரித்தான். பேத்திக்கு ஏழு வயது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ப்ளீஸ், நார்மலா பேசுங்க" என்றாள். அவளுக்கு வருகிற தமிழில் பாதி இப்படிப்பட்ட உத்தரவுகள்தாம்.

ஆனாலும் என் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. கால்மிதியைத் தூக்கித் துருவைப் பார்த்தேன். கடலோர ஊரில் வண்டி அடியிலிருந்துதான் சாகும். சேசிஸ் எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எஞ்சின் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தேன். தாளில் எழுதாத பதினைந்தாவது கேள்வி ஒன்றும் கேட்டேன்: பின்தட்டில் எத்தனை பேர் உட்காரலாம்?

அவன் முகம் மாறிவிட்டது. "யாருமே உட்காரக் கூடாது!"

"நல்லது," என்றேன். "எனக்கும் தெரியும். உனக்குத் தெரியுமா என்று பார்த்தேன்."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவள் புருஷனுக்குத் தெரியும். தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்து வாசலில் நின்று பார்த்தவர் அவர்.

4

பார்வதியின் எச்சரிக்கைக்குப் பிறகு வேலுவின் வண்டித் தேர்வு என் கையை விட்டுப் போய், அவன் மனைவி செண்பகத்தின் கைக்கு வந்தது.

அவள் விதி ஒன்றே ஒன்று. மூன்று கம்பெனிக்காரர்களும் ஓட்டிக் காட்ட ஒரு வண்டியை ராஜபாளையத்துக்கு அனுப்ப வேண்டும். பின்னால் துணிப் பேல் ஏற்ற வேண்டும். செண்பகம் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்காருவாள். மடியில் ஒரு செம்பு, கழுத்து வரை தண்ணீர். வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி, மாந்தோப்புப் பக்கம் கல் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும். செம்பில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து முடிவு.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

"பட்டுச் சேலை எம் புஸ்தகம் அண்ணே," என்றாள். "தண்ணி சிந்தாட்டி சேலை கசங்காது. சேலை கசங்காட்டி வண்டி நல்ல வண்டி."

ஜீப் திரும்பி வந்தபோது செம்பு காலி, செண்பகம் நனைந்திருந்தாள். கம்பெனியிலிருந்து வந்த டை கட்டிய பையன், இது மலையேறுகிற வண்டி அம்மா என்றான். "ஏறட்டும் தம்பி, நாங்க கல்யாணத்துக்குல்ல போறோம்" என்றாள். மூக்கில்லாத வேனில் பாதி மிஞ்சியது. டபுள் கேபின் வந்து நின்றதும் அவள் செம்பைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு மிடறு குறைந்திருந்தது. அதிலும் ஒரு மிடறு, தாகமாக இருந்தது என்று அவளே குடித்ததாம்.

வேலு என் முகத்தைப் பார்த்தான். உதிரிப் பாகத்துக்கு மதுரை என்று நான் வாய் திறப்பதற்குள், வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவனுடைய மெக்கானிக் அந்தோணி தலையை நீட்டினார்.

"சார், இதுல நிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. டீசல் மோட்டாரு, நாலு பெல்ட்டு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது மாதிரி இதுக்குக் கெட்டுப்போகத் தெரியாது."

வாங்கினார்கள். விண்ணப்பத்தை நிரப்பியது நான். வகை: சரக்கு வாகனம். உபயோகம்: சொந்தத் தொழில். இருக்கை: ஓட்டுநர் உட்பட ஆறு. சொந்தக்காரன் கோப்பு என்பதால் நான் கையெழுத்துப் போடாமல் அடுத்த மேசைக்கு அனுப்பிவிட்டேன். வேலு அந்தப் பதிவுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.

5

கல்யாணத்துக்கு முந்தின நாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் தாய்மாமன் சீர் மண்டபம் வந்து சேர வேண்டும். தாய்மாமனை நேரில் போய் அழைத்து வருவது முறை. மண்டபத்தில் சமையல்காரரிடம் சாமான் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னை, பார்வதி அந்த முறையைக் காரணம் காட்டி மத்தியானமே ராஜபாளையத்துக்கு அனுப்பிவிட்டாள்.

வாசலில் டபுள் கேபின் சந்தனம், குங்குமம், வாழைக்கன்றோடு நின்றது. பின்தட்டில் ஜமுக்காளம் விரித்து இருபத்தோரு தாம்பாளங்கள். சப்பட்டை மாம்பழம் மட்டும் மூன்று தட்டு. பால்கோவா ஒரு தட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி, ராஜபாளையம் கொண்டு வந்து, தட்டில் அடுக்கி, மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டு போகிறார்கள். இதெல்லாம் சரிதான். தாம்பாளங்களுக்கு நடுவே பன்னிரண்டு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலுவின் பங்காளிகள், அவர்கள் மனைவிமார்.

"மாப்ளே, பின்தட்டுல ஆள் ஏத்தக் கூடாது," என்றேன்.

"அவிய ஆளு இல்ல அத்தான். தட்டைப் பிடிக்கதுக்கு வாராக."

"அதுக்குப் பேரு ஆளுதான்."

"எம்புட்டுத் தூரம் அத்தான்? பதினோரு கிலோமீட்டரு. கண்ணை மூடிக்கோங்க, வந்துரும்."

முப்பத்திரண்டு வருட சர்வீஸில் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் வேலு, நான், அவன் மூத்த பெண். பின்னிருக்கையில் செண்பகம், அவள் தங்கை, சின்னப் பெண். கணக்காக ஆறு பேர். இருக்கை அருமையான இருக்கை. செண்பகத்தின் சேலையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. பின்னாலிருந்து பாட்டு வந்தது. வேலு ஒரு கையால் ஓட்டினான். இன்னொரு கையால், எதிரே வந்த பஸ்காரர்களுக்கெல்லாம் வணக்கம் போட்டான்.

மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கைத் தாண்டி, ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, சாலையில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் சோதனை. வண்டிகளைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கை காட்டி நிறுத்தியவர் செல்வின். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றவர்.

"சார்! நீங்களா?" என்று சல்யூட் அடித்தார். பிறகு பின்னால் பார்த்தார். பாட்டு நின்றது.

"சார், தட்டுல எத்தனை பேரு?"

"பன்னிரண்டு," என்றேன். வேறு எண் எதுவும் என் வாயில் வராது.

"புத்தகம் குடுங்க சார்."

வேலு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தான். செல்வின் படித்துவிட்டு, மெதுவாக என்னிடம் சொன்னார்: "சார், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. தெரிஞ்ச ஆளோட வண்டியத்தான் மொதல்ல நிறுத்தணும், அப்பத்தான் தெரியாதவன் நம்மள நம்புவான்னு."

எனக்குக் கோபமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி பத்து நிமிடம்.

விதி தெளிவானது. கூடுதல் ஆட்களை இறக்க வேண்டும். நோட்டீஸ் எழுத வேண்டும். பிறகு வண்டி போகலாம். பன்னிரண்டு பேரையும் இறக்கிவிட்டு, சீரோடு நாங்கள் மட்டும் போனால் ஆள் ஒரு பக்கம், சீர் ஒரு பக்கம். மூத்தவள் கல்யாணத்தில் நடந்ததே மறுபடியும் நடக்கும். செல்வின் நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. என்னை அறியாமல் விரலை வைத்துக் காட்டினேன். நிரப்பினார். வேலு என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"போச்சு அத்தான்," என்றான். "பார்சல் சீருன்னு இன்னும் பத்து வருசம் சொல்லுவாக."

பின்னிருக்கைக் கதவு திறந்தது. செண்பகம் இறங்கிச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதீக? கால் இருக்குல்ல? எல்லாரும் இறங்குங்க! ஆளுக்கு ஒரு தட்டு, தெம்புள்ளவுக ரெண்டு. ரெண்டு கிலோமீட்டரு ஒரு தூரமா? ஏட்டி, மாம்பழத்தை நான் எடுக்கேன், நீ பால்கோவாவைப் பிடி, வழியில தின்னுராத!"

பன்னிரண்டு பேரும் குதித்தார்கள். தாம்பாளங்கள் தலைக்கு ஏறின. அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. தாய்மாமன் சீரோடு நடக்க வேண்டும். வண்டியை யார் ஓட்டுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பேருடைய லைசென்ஸ் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

செல்வின் நோட்டீஸைக் கிழித்து வேலுவின் கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றித் தன் டிரைவரிடம் கொடுத்தார். "என் டியூட்டி முடிஞ்சுது. செத்த நேரம் நான் ஓட்டுதேன் சார்," என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

முன்னால் வேலு, தலையில் முதல் தட்டு. பின்னால் செண்பகம், பிள்ளைகள், பங்காளிகள், இருபத்தோரு தாம்பாளங்கள். அவர்களுக்குப் பின்னால் முதல் கியரில், சந்தனம் பூசிய டபுள் கேபின். ஆறு இருக்கையில் நாலு காலி. பெண்ணின் தகப்பன் சீர் தூக்கக் கூடாது என்பதால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். வண்டி இருந்தும் நடக்கிறார்களே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என்ன வேண்டுதலோ என்று ஒரு அம்மாள் கும்பிட்டே விட்டாள். செய்தி எங்களுக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய், மேளக்காரர்கள் தெருமுனைக்கே வந்துவிட்டார்கள். வாசலில் ஆரத்தியோடு நின்ற பார்வதி, தம்பியை நடந்து வரக் கண்டதும் என்னைத்தான் தேடினாள்.

"வண்டி நின்னுபோச்சா? எதையாவது சொல்லி நிப்பாட்டிட்டீகளா?"

நான் பதில் சொல்லுமுன் மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்து வேலுவின் தலைத் தட்டைத் தானே இறக்கி வாங்கினார்.

"கல்யாணம் எம்புட்டோ பாத்திருக்கேன். வண்டியைக் காலியா ஓட்டிக்கிட்டு, சீரைத் தலையில சுமந்து வந்த தாய்மாமனை இன்னைக்குத்தான் பாக்கேன். இது எந்த ஊரு வழக்கம்?"

வேலுவின் சட்டை முழுக்க வியர்வை. முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கை காட்டினான்.

"எங்க அத்தான் ஆபீஸ் வழக்கம்."

அன்று ராத்திரி முதல் பந்தியிலேயே, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில், அவன் மூன்று தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கு அந்தப் பக்கம் செல்வின்.

6

போன வாரம் யூட் வாங்கிவிட்டோம். ஒன்பது வருடப் பழையது, டீசல், அடியில் துரு இல்லை. மருமகனின் பத்திரிகைகளும் என் பதினான்கு கேள்விகளும் ஒரே வண்டியைக் காட்டியது எங்கள் இருவருக்குமே ஆச்சரியம். பெயர் மாற்றம் ஒரே கவுண்டரில், ஒரே தாளில், நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது. நகல் கேட்கவில்லை, சான்றொப்பம் கேட்கவில்லை, நாளைக்கு வா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

கல்யாண நாளன்று காலை வேலு ராஜபாளையத்து டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டான். வசந்தியை வாழ்த்தினான், அக்காவிடம் பேசினான், என்னிடம் வந்தான்.

"உன் வண்டி எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டேன்.

"ஓடுது அத்தான். ஆனா வைகாசி பொறந்தா என் துணிக்குக் கெடைக்க மாட்டேங்கு. கல்யாணத்துக்குக் கேட்டு வந்துருதாக."

"சீர் ஏத்தவா?"

"அதான் இல்ல. வசந்தி கல்யாணத்துக்குப் பொறவு ரெண்டு ஊர்லயும் தாய்மாமன்னா நடந்துதான் வாரான். விலக்குலயே இறங்கி, தட்டைத் தலையில வச்சுக்கிடுதாக. பின்னால காலியா ஒரு டபுள் கேபின் மெதுவா வரணுமாம். அதுக்குத்தான் என் வண்டி. பூ போட்டு, டீசல் ஊத்தி, திருப்பிக் கொண்டாந்து விட்டுருதாக."

என் வாய் தானாகத் திறந்தது. "சொந்தத் தொழிலுக்குன்னு பதிவு பண்ணுன வண்டி. ஊருக்கெல்லாம் விடுதியே, பெர்மிட் வாங்கினியா?"

வேலு நிதானமாகக் கேட்டான்:

"ஆளும் ஏத்தல, சரக்கும் ஏத்தல அத்தான். சும்மா வாரதுக்கு என்ன பெர்மிட்டு?"

யோசித்தேன். பழைய சட்டத்தில் பார்த்தேன், புதிய சட்டத்தில் பார்த்தேன், மனப்பாடமாகத் தெரிந்த சுற்றறிக்கைகளை எல்லாம் புரட்டினேன். முப்பத்திரண்டு வருட சர்வீஸும் இரண்டு வருட ஓய்வும் கழித்து, பதில் சொல்லாமல் நான் கீழே வைத்த முதல் போன் அது.